சிறிய குழுவில் நேரப்பதிவு: தொடங்கும் முறையும் கிடைக்கும் பயனும் – முழுமையான வழிகாட்டி

ஒரு வேலையை முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டால், அதே வேலையைப் பலமுறை செய்து பழகியவர்கள்கூடக் குறைத்தே சொல்கிறார்கள். உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ஆம் ஆண்டிலேயே இந்தப் பிழையை அடையாளம் கண்டு அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். தமிழில் அதைத் திட்டமிடல் மயக்கம் என்று சொல்லலாம். பின்னர் 1994-இல் ரோஜர் பியூலரும் அவருடன் பணிபுரிந்தவர்களும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 33.9 நாள், உண்மையில் ஆனது சராசரியாக 55.5 நாள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், பொய் சொன்னவர்களும் அல்லர். வேலையின் மையப் பகுதியை மட்டும் மனக்கண்ணில் பார்த்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள காத்திருப்பு, திருத்தம், கேள்வி, மறுபடி தொடங்குதல் ஆகியவற்றை எண்ணாமல் விட்டார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து வேலை செய்யும் ஒவ்வொரு சிறிய குழுவும் ஒவ்வொரு வாரமும் செய்யும் பிழை இதுதான்.

பெரிய நிறுவனத்தில் இப்படிப்பட்ட சறுக்கல் வேறு எங்கோ ஈடுகட்டப்பட்டுவிடும். சிறிய குழுவில் அதற்கு இடமில்லை. ஐந்து பேர், ஆளுக்கு வாரம் 40 மணி நேரம் என்றால் மொத்தக் கையிருப்பு 200 மணி நேரம். ஒவ்வொருவரிடமிருந்தும் வாரத்துக்கு நான்கு மணி நேரம் எங்கே போனது என்று தெரியாமல் கரைந்தால், மொத்தம் 20 மணி நேரம், அதாவது ஓர் ஆளின் பாதி வாரம், கணக்கில் இல்லாமல் போகிறது. அந்த அரை ஆளின் வேலையை மற்றவர்கள் இரவிலும் விடுமுறை நாளிலும் உட்கார்ந்து செய்துகொண்டிருப்பார்கள். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். நேரக் கணக்குக்கும் அது பொருந்தும்.

நேரப்பதிவு என்றவுடன் பலருக்குக் கண்காணிப்பு நினைவுக்கு வருகிறது. இந்த வழிகாட்டி அதற்கு நேர் எதிரான நோக்கத்தில் எழுதப்படுகிறது. குழுவின் பொது நினைவாக, எல்லோரும் எழுதி எல்லோரும் பார்க்கும் ஏடாக இருக்கும்போதுதான் நேரப்பதிவு பயன் தருகிறது என்பது என் உறுதியான கருத்து. மேலாளர் கையில் பிரம்பாக அது மாறிய நாளிலிருந்து, அதில் எழுதப்படும் எண்கள் எதற்கும் உதவாதவையாகிவிடும்.

நேரப்பதிவால் என்ன கிடைக்கிறது

முதலில் கிடைப்பது நம்பத்தக்க மதிப்பீடு. அடுத்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, குத்துமதிப்பாகச் சொல்வதற்குப் பதில், இதே போன்ற கடந்த ஐந்து வேலைகளுக்கு என்ன ஆனது என்று பார்த்துச் சொல்ல முடிகிறது. மொத்தமாக ஒரு தொகை பேசி வேலையை ஏற்றுக்கொள்ளும் குழுக்களுக்கு இதுவே பிழைப்புக்கான வேறுபாடு. 40 மணி நேரத்துக்குப் பேசிய தொகைக்கு 60 மணி நேரம் உழைத்தால், மூன்றில் ஒரு பங்கு உழைப்பு இலவசமாகப் போகிறது.

அதைவிடப் பெரிய பயன் என்று நான் கருதுவது, கண்ணுக்குத் தெரியாத உழைப்பு வெளியே தெரிவது. ஒவ்வொரு குழுவிலும், யார் என்ன சந்தேகம் கேட்டாலும் எழுந்து வந்து உதவுபவர் ஒருவர் இருப்பார். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதும், கோபமாக அழைக்கும் வாடிக்கையாளரைப் பொறுமையாகச் சமாளிப்பதும், கூட்டக் குறிப்புகளை எழுதி அனுப்புவதும் அவர்தான். மாத இறுதியில் முடித்த வேலைகளை எண்ணும்போது அவருடைய எண்ணிக்கை குறைவாக இருக்கும். அவர் பின்தங்குகிறார் என்ற எண்ணம் மெல்லப் பரவும். அவரே அதை நம்பத் தொடங்குவார். வாரத்துக்கு 11 மணி நேரம் அவர் மற்றவர்களின் வேலையைத் தாங்கிப்பிடித்திருக்கிறார் என்பதை இரண்டு வாரப் பதிவு காட்டிவிடும். அதன் பிறகு அந்த உதவியை அவருடைய பொறுப்பாக முறையாக ஏற்று, அதற்கேற்ப மற்ற வேலையைக் குறைக்கவும் முடியும். சுமையைப் பகிர்ந்துகொள்ளவும் முடியும்.

மூன்றாவதாக, மறுப்பதற்கு ஆதாரம் கிடைக்கிறது. இந்த வாரம் முடியாது என்று சொல்வதற்கும், பராமரிப்புக்கும் உள்வேலைக்கும் வாரம் 70 மணி நேரம் போய்விடுகிறது, புதிய வேலைக்கு எங்களிடம் உள்ளது 130 மணி நேரம்தான், ஏற்கெனவே 120 மணி நேரம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்று சொல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னது சாக்குப்போக்காகக் கேட்கும். பின்னதைக் கேட்பவர் எந்த வேலையைத் தள்ளிவைக்கலாம் என்று சேர்ந்து யோசிக்கத் தொடங்குவார்.

முதல் படி: எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று எழுதுங்கள்

கருவியைத் தேடுவதற்கு முன், ஒரு தாளில் ஒன்று அல்லது இரண்டு கேள்விகளை எழுதுங்கள். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது கேள்வி ஆகாது. பேசிய தொகைக்கும் உழைத்த நேரத்துக்கும் எந்த வகை வேலையில் இடைவெளி அதிகம், கூட்டங்களுக்கு வாரத்தில் எவ்வளவு போகிறது, இன்னொருவரைச் சேர்க்க வேண்டிய அளவுக்குப் பராமரிப்பு வேலை வளர்ந்திருக்கிறதா என்பன போன்றவை கேள்விகள். எதைப் பதிய வேண்டும், எவ்வளவு நுணுக்கமாகப் பதிய வேண்டும், எப்போது நிறுத்தலாம் என்ற மூன்றையும் இந்தக் கேள்விதான் முடிவு செய்யும். கேள்வி இல்லாமல் தொடங்கிய பதிவுகள் இரண்டு மாதத்தில் யாரும் திறந்து பார்க்காத கோப்புகளாக முடிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: குழுவிடம் முன்கூட்டியே பேசுங்கள்

இந்தப் படியில் அவசரப்படக்கூடாது. வேலை நேரத்தை அளப்பதற்குக் கசப்பான வரலாறு உண்டு. தொழிற்சாலை வேலையை நேரம் பார்த்து அளந்து சீர்படுத்த முயன்ற அமெரிக்கப் பொறியாளர் ஃப்ரெட்ரிக் டெய்லரின் முறைப்படி, கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு ஒருவர் தொழிலாளியின் அருகில் நின்று அவருடைய ஒவ்வோர் அசைவையும் அளக்கும் பழக்கம் பரவியபோது, 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வாட்டர்டவுன் ராணுவ ஆயுதத் தொழிற்சாலையின் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். நாடாளுமன்ற விசாரணை வரை போன அந்த விவகாரத்துக்குப் பிறகு, 1915-இல் ராணுவச் செலவுச் சட்டத்திலேயே நிறுத்துக் கடிகார அளவீட்டுக்குத் தடை சேர்க்கப்பட்டது. தங்களைக் கேட்காமல், தங்களுக்கு எதிராகப் பயன்படக்கூடிய ஒன்றைத் தங்கள் தலைமேல் நின்று அளக்கிறார்கள் என்பதுதான் அந்தத் தொழிலாளர்களின் மனக்குறை. நூறு ஆண்டுக்கு மேல் கடந்தும், திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளும் விசைத் தட்டலை எண்ணும் மென்பொருளும் அதே மனக்குறையைத்தான் எழுப்புகின்றன. சிறிய குழுவில் அவற்றை நிறுவ வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஒருவர் விசையைத் தட்டாமல் யோசித்துக்கொண்டிருந்த அரை மணி நேரம்தான் அந்த நாளின் மிக மதிப்புள்ள நேரமாக இருக்கக்கூடும்.

எனவே குழுவைக் கூட்டி, முதல் படியில் எழுதிய கேள்விகளைக் காட்டுங்கள். பதிவை எதற்குப் பயன்படுத்துவோம் என்பதோடு, எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். ஊதிய உயர்வு, ஆண்டு மதிப்பீடு, ஆளுக்கு ஆள் ஒப்பீடு ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் கட்டாயம் இடம்பெற வேண்டும். குழுத் தலைவர் தம் நேரத்தையும் அதே ஏட்டில், அதே நுணுக்கத்தோடு, மற்றவர்கள் பார்க்கும்படி பதிய வேண்டும். முதல் வாரம் அவர் மட்டும் பதிந்து காட்டினால் இன்னும் நல்லது. தலைவரின் பதிவில் மின்னஞ்சலுக்கு ஏழு மணி நேரம், தவறாகத் தொடங்கிக் கைவிட்ட வேலைக்கு மூன்று மணி நேரம் என்று இருப்பதைப் பார்க்கும் குழுவினர், தங்கள் பதிவிலும் உண்மையை எழுதத் துணிவார்கள்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். ஊழியர்களின் பணிநேரத்தைப் பதிவு செய்வது பல நாடுகளில் நிறுவனத்தின் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே 14 அன்று அளித்த தீர்ப்பில், அன்றாடப் பணிநேரத்தை அளக்கும் நம்பத்தக்க ஏற்பாடு ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க உறுப்பு நாடுகள் வகைசெய்ய வேண்டும் என்று கூறியது. ஆனால் அது வந்த நேரம், போன நேரம் பற்றிய வருகைப் பதிவு. நாம் இங்கே பேசுவது, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்பதைப் பற்றிய பதிவு. இரண்டையும் ஒரே ஏட்டில் கலந்தால் இரண்டும் கெடும்.

மூன்றாம் படி: வகைகளைக் குறைவாக வையுங்கள்

ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு அடையாளங்கள் போதும்: எந்தத் திட்டப்பணி, எவ்வகை வேலை. வேலை வகைகளை எட்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. ஓர் இணையதள வடிவமைப்புக் குழுவுக்கு வடிவமைப்பு, உருவாக்கம், சோதனை, உள்ளடக்கம் ஏற்றுதல், வாடிக்கையாளர் தொடர்பு, ஒப்புதலுக்குப் பின் வரும் திருத்தம், உள்கூட்டம், சக ஊழியருக்கு உதவி என்ற எட்டே பெரும்பாலும் போதுமானவை. இருபது வகை வைத்தால், பதியும்போது எதில் சேர்ப்பது என்று யோசித்தே சலிப்பு வந்துவிடும். ஒரே வேலையை ஒருவர் ஓரிடத்திலும் மற்றவர் வேறிடத்திலும் பதிவார்கள்.

இரண்டு வகைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்று, ஒப்புதலுக்குப் பின் வரும் திருத்தம். இதை வடிவமைப்போடு சேர்த்து எழுதினால், வடிவமைப்பாளர் மெதுவாக வேலை செய்வதாகத் தோன்றுமே தவிர, வாடிக்கையாளர் மனம் மாறியது தெரியாது. மற்றொன்று, சக ஊழியருக்கு உதவி. மேலே சொன்ன கண்ணுக்குத் தெரியாத உழைப்பு வெளிப்படுவது இந்த ஒரு வகையால்தான். பிற என்று ஒரு வகை வைக்கத்தான் வேண்டும், ஆனால் அதில் மொத்த நேரத்தின் பத்து விழுக்காட்டுக்கு மேல் சேர்ந்தால் உள்ளே ஏதோ ஒரு பெரிய வேலை பெயரில்லாமல் ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதைத் திறந்து பார்த்து அதற்கென்று ஒரு பெயர் கொடுங்கள்.

நான்காம் படி: அலகையும் குறிப்பெழுதும் முறையையும் முடிவு செய்யுங்கள்

வழக்கறிஞர்கள் ஆறு நிமிட அலகில் பதிகிறார்கள். 1919-இல் பாஸ்டன் நகரச் சட்ட நிறுவனம் ஒன்றின் நிர்வாகப் பொறுப்பை ஏற்ற ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித், ஒரு மணி நேரத்தைப் பத்துக் கூறாக்கிப் பதியும் முறையை அங்கே நிலைநிறுத்தினார். அது அந்தத் தொழில் முழுவதும் பரவியது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர்களுக்கு அந்த நுணுக்கம் தேவைப்படலாம். மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ள விரும்பும் சிறிய குழுவுக்குக் கால் மணி நேர அலகு போதும். ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பைத் தனியாகப் பதிய வேண்டாம். ஒரே வாடிக்கையாளருக்கான சிறு சிறு வேலைகளைச் சேர்த்து நாளின் முடிவில் ஒரே வரியாக எழுதினால் போதுமானது.

நேரத்தைத் தசமத்தில் எழுதுவதென்று தொடக்கத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள். ஒரு மணி பதினைந்து நிமிடம் என்பது 1.25, அதை 1.15 என்று எழுதுவதுதான் ஸ்ப்ரெட்ஷீட்டில் பதியும் குழுக்களில் மிகுதியாக நேரும் பிழை. இது கூட்டுத்தொகையில் ஒளிந்துகொள்வதால் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. கால் மணிக்கு .25, அரை மணிக்கு .5, முக்கால் மணிக்கு .75 என்ற மூன்றையும் தாளின் மேல்வரியிலேயே எழுதிவைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

குறிப்பு எழுதும் முறையில்தான் பதிவின் உயிர் இருக்கிறது. “வடிவமைப்பு, 1.25” என்ற வரி மூன்று மாதம் கழித்து எதையும் சொல்லாது. “முகப்புப் பக்கம், மூன்றாம் திருத்தம், ஒப்புக்கொண்ட நிறத்தை வாடிக்கையாளர் மாற்றச் சொன்னார், 1.25” என்ற வரி, அன்று நடந்ததை அப்படியே கண்முன் நிறுத்தும். என்ன செய்தேன் என்பதோடு ஏன் செய்ய நேர்ந்தது என்பதையும் ஆறேழு சொல்லில் எழுதும் பழக்கத்தைக் குழுவில் வளர்த்துவிட்டால், பின்னால் வரும் ஆய்வில் பாதி வேலை மிச்சமாகும்.

ஐந்தாம் படி: கருவி

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆறு பேருக்கு உட்பட்ட குழுவுக்குப் பகிரப்பட்ட ஒரே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்: தேதி, பெயர், திட்டப்பணி, வகை, நேரம், குறிப்பு என்று ஆறு நெடுவரிசைகள், திட்டப்பணிக்கும் வகைக்கும் கீழிறங்கு பட்டியல் வைத்துவிட்டால் எழுத்துப்பிழையால் கூட்டுத்தொகை சிதறாது, பதிவுகளை வகைவாரியாகக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிள் ஒன்று வாரச் சுருக்கத்தைத் தந்துவிடும். ஒரு பொத்தானை அழுத்தி நேரத்தை ஓடவிட விரும்புபவர்களுக்கு டாகிள் ட்ராக், கிளாக்கிஃபை, ஹார்வெஸ்ட் போன்ற சேவைகள் உண்டு. தரவு வெளியே போகக்கூடாது என்று கருதும் குழு, திறந்த மூல மென்பொருளான கிமாயைத் தன் சொந்தச் சேவையகத்திலேயே நிறுவிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், தரவை முழுவதுமாக வெளியே எடுத்துக்கொள்ள முடிகிறதா என்று முதல் நாளே ஏற்றுமதி செய்து பாருங்கள்.

ஆறாம் படி: முதல் இரண்டு வாரம்

வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒருவர் டைம்ஷீட்டைத் திறக்கிறார். திங்கள் எட்டு, செவ்வாய் எட்டு, புதன் எட்டு என்று ஐந்து நாளுக்கும் ஒரே எண்ணைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே திட்டப்பணியில் சேர்த்து மூடிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது; செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு என்ன செய்தோம் என்பது வெள்ளிக்கிழமை யாருக்கும் நினைவிருக்காது. நினைவிலிருந்து எழுதும் பதிவில் பெரிய வேலைகள் மட்டும் மிஞ்சும். நாளைத் தின்ற சிறு வேலைகள் மறைந்துவிடும். நாம் கண்டுபிடிக்க விரும்புவதோ அந்தச் சிறு வேலைகளைத்தான்.

ஆகவே, ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்த நொடியில் பதிவதைப் பழக்கமாக்குங்கள். அதற்கு ஆகும் நேரம் பதினைந்து விநாடி. அது முடியாதவர்கள் மதிய உணவுக்கு முன் ஒருமுறை, வேலையை முடிக்கும்போது ஒருமுறை என்று நாளுக்கு இரண்டு முறையாவது எழுதட்டும். மறுநாளுக்குத் தள்ளிய பதிவு ஊகம்தான் என்று குழுவாக ஒப்புக்கொள்ளுங்கள். யாராவது மறந்துவிட்டால், பொய்யாக நிரப்புவதைவிட அந்த நாளை வெறுமையாக விடச் சொல்லுங்கள். வெற்றிடம் ஆய்வைக் கெடுக்காது, கற்பனை எண் கெடுத்துவிடும்.

நாளின் கூட்டுத்தொகை எட்டு வரவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். எட்டு மணி நேரப் பணிநாளில் ஆறரை மணி நேரம் பதிவாகியிருந்தால் அது குறை ஆகாது. மனிதர்கள் எழுந்து நடப்பார்கள், பேசுவார்கள், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்பச் சற்று நேரம் எடுத்துக்கொள்வார்கள். எட்டு வந்தே தீரவேண்டும் என்ற விதி வந்தால், விடுபட்ட ஒன்றரை மணி நேரத்தை மக்கள் ஏதாவது ஒரு திட்டப்பணியின் தலையில் கட்டுவார்கள். அதன் மதிப்பீடு அங்கேயே பிழையாகிவிடும்.

இந்த இடத்தில் ரஷ்ய உயிரியலாளர் அலெக்சாண்டர் லியூபிஷெவைக் குறிப்பிடத் தோன்றுகிறது. அவர் 1916-இல் தொடங்கி, 1972-இல் மறையும் வரை தம் நேரத்தைப் பதிந்துகொண்டே வந்தார். மாதந்தோறும் ஆண்டுதோறும் கூட்டிப் பார்த்தார். யாரும் அவரைப் பதியச் சொல்லவில்லை, யாருக்கும் அவர் கணக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டின் ஆய்வுக்குத் தம்மிடம் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு அது தேவைப்பட்டது. குழுவின் பதிவும் அந்த மனநிலையில் நடக்க வேண்டும்.

ஏழாம் படி: வாரம் ஒருமுறை, இருபது நிமிடம்

பதிந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் மூன்றாம் வாரத்தில் பதிவு நின்றுவிடும். வாரத்தில் ஒரு நாள், குழுவாக உட்கார்ந்து மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: எதிர்பார்த்ததைவிட எந்த வேலை அதிக நேரம் பிடித்தது, ஏன் பிடித்தது, அடுத்த முறை என்ன மாற்றலாம். பேச்சு வேலையைப் பற்றி இருக்க வேண்டும், ஆளைப் பற்றி இருக்கக் கூடாது. “நீங்கள் ஏன் இவ்வளவு நேரம் எடுத்தீர்கள்” என்று தொடங்கும் கேள்வியை, “இந்த வேலை ஏன் இவ்வளவு நேரம் கேட்டது” என்று மாற்றிக் கேளுங்கள். சிறு மாற்றம்தான், விடைகள் முற்றிலும் வேறாக வரும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். நான் முன்பு பொறுப்பேற்றிருந்த ஒரு குழுவில், ஓர் இணையதளத்தைப் புதுப்பிக்கும் பணிக்கு 40 மணி நேரம் என்று மதிப்பிட்டோம்: வடிவமைப்பு 12, உருவாக்கம் 18, உள்ளடக்கம் ஏற்றுதல் 4, வாடிக்கையாளர் தொடர்பு 2, சோதனை 4. முடிந்தபோது 61 மணி நேரம் ஆகியிருந்தது. இதற்கு முன்பும் இப்படி ஆனபோதெல்லாம், உருவாக்கத்தில்தான் தாமதம் என்று எல்லோரும் நம்பினோம். அந்தப் பகுதியைக் கவனித்த இளைஞரிடம் நானே கடுமையாகப் பேசியிருக்கிறேன். இந்த முறை கையில் பதிவு இருந்தது. வகைவாரியாகக் கூட்டினால் வடிவமைப்பு 13.5, உருவாக்கம் 19.25, சோதனை 4. அந்த மூன்றிலும் சேர்த்துக் கூடுதலான நேரம் 2.75 மணி மட்டுமே. உள்ளடக்கம் ஏற்றுதல் 9.5, வாடிக்கையாளர் தொடர்பு 8.25, மதிப்பீட்டில் நாங்கள் சேர்க்கவே மறந்த ஒப்புதலுக்குப் பிந்தைய திருத்தம் 6.5. கூடுதலான 21 மணி நேரத்தில் 18.25 மணி நேரம் இந்த மூன்றிலிருந்து வந்தது.

குறிப்புகளைப் படித்தபோது காரணமும் தெரிந்தது. வாடிக்கையாளர் உள்ளடக்கத்தை ஒரே தடவையாகத் தராமல், மின்னஞ்சலில் துண்டு துண்டாக அனுப்பியிருந்தார். ஒவ்வொரு துண்டுக்கும் பதில் எழுதி, தெளிவு கேட்டு, ஏற்றி, மறுபடி மாற்றியிருந்தோம். அந்த இளைஞரிடம் குழுவின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேலையில் எந்தக் குறையும் இருந்ததில்லை, எங்களிடம் கணக்குதான் இருந்ததில்லை.

எட்டாம் படி: கண்டதை நடைமுறையாக மாற்றுங்கள்

அந்த ஆய்வுக்குப் பிறகு நாங்கள் இரண்டு விதிகளைச் சேர்த்தோம். எல்லா உள்ளடக்கமும் ஒரே தொகுப்பாகக் கைக்கு வந்த பிறகே ஏற்றும் பணி தொடங்கும். ஒப்புதலுக்குப் பின் இரண்டு சுற்றுத் திருத்தம் ஒப்பந்தத்தில் அடங்கும், அதற்கு மேற்பட்டதற்குத் தனிக் கட்டணம். எந்த ஆய்விலிருந்தும் ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மாற்றங்களை ஒருசேரச் செய்தால், எது பயன் தந்தது என்று அடுத்த மாதப் பதிவைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

மதிப்பீட்டைத் திருத்துவதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரே வகையான கடந்த வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் உண்மையில் ஆன நேரத்தை முதலில் மதிப்பிட்ட நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வேலைகளுக்கு 1.2, 1.3, 1.5, 1.5, 2.4 என்று விடை வருவதாக வைத்துக்கொள்வோம். இவற்றின் சராசரி 1.58, ஆனால் அதில் 2.4 என்ற ஒரே ஒரு விபரீதமான வேலையின் பாரம் ஏறியிருக்கிறது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 1.5. அடுத்த வேலைக்கு மனத்தில் 30 மணி நேரம் என்று தோன்றினால், 45 என்று சொல்லுங்கள். 2.4 ஆன வேலையை ஒதுக்கிவிடாமல், அதன் குறிப்புகளைத் தனியாகப் படியுங்கள். எந்த வகை வாடிக்கையாளரிடம், எந்த வகைத் தொடக்கத்தில் வேலை கைமீறிப் போகிறது என்பதை அது சொல்லும். மூன்று வேலைகளுக்குக் குறைவான பதிவு இருக்கும்போது இந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

பதிவைக் கெடுக்கும் பழக்கங்கள்

பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கை பற்றிச் சொன்ன ஒரு கருத்து, இன்று அவர் பெயரால் விதியாக வழங்குகிறது: ஓர் அளவை இலக்காக்கிவிட்டால், அதன் பிறகு அது நல்ல அளவாக இருக்காது. கட்டணம் பெறும் வேலையில் ஒவ்வொருவரும் வாரம் 32 மணி நேரம் காட்ட வேண்டும் என்று ஒரு தலைவர் அறிவித்தால், எல்லோரும் 32 மணி நேரம் காட்டுவார்கள். சக ஊழியருக்கு உதவிய நேரமும் கற்றுக்கொண்ட நேரமும் பதிவிலிருந்து மறையும். சில நாளில் உதவியே மறையும். அது போலவே, இருவர் ஒரே வேலைக்கு எடுத்த நேரத்தை அருகருகே வைத்துக் காட்டுவதும் கூடாது. விரைவாக முடித்தவர் எளிய பகுதியை எடுத்திருக்கலாம், மற்றவர் பின்னால் வரவிருந்த பத்துப் பிழைகளை அப்போதே களைந்திருக்கலாம்.

தொடர்ந்து பல வாரம் ஒருவருடைய பதிவு 50 மணி நேரத்தைத் தொட்டால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல், அந்த வாரமே அவரிடம் தனியாகப் பேசி எந்த வேலையை இறக்கிவைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இந்த எச்சரிக்கையை நேரப்பதிவு எந்தக் கூட்டத்துக்கும் முன்பாகவே தந்துவிடுகிறது. அதைப் பார்த்தும் பேசாமல் இருப்பது குழுத் தலைவரின் பிழை.

மூன்று மாதத்துக்குப் பிறகு

மூன்று மாதம் முடிந்ததும் முதல் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். விடை கிடைத்துவிட்ட கேள்விக்கான பதிவை நிறுத்திவிடலாம்; உதாரணமாக, கூட்டங்களுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று தெரிந்து, அவற்றைக் குறைத்தும்விட்டால், உள்கூட்டம் என்ற வகையைத் தனியாகத் தொடர வேண்டியதில்லை. யாரும் ஒருமுறைகூட எடுத்துப் பார்க்காத வகைகளை நீக்குங்கள். தொகை பேசி ஏற்கும் வேலைகளுக்கான பதிவை மட்டும் தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஆட்களும் வாடிக்கையாளர்களும் மாற மாற, மதிப்பிட்ட நேரத்துக்கும் உண்மையில் ஆன நேரத்துக்கும் உள்ள விகிதமும் மாறும். மற்றவற்றைப் புதிய கேள்வி ஒன்று எழும்போது, இரண்டு வாரத்துக்கு மட்டும், மீண்டும் குழுவிடம் சொல்லிவிட்டுத் தொடங்கலாம்.